பின்லாந்து அரங்கில் பதினோரு நொடி

அந்தப் படத்தை எடுத்தது பின்லாந்தில். ஆனால் பின்லாந்தில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. புளோரிடாவில், மெரிடியன் ஏரிப் பூங்காவின் பின்லாந்து அரங்கில், படகுச் சவாரி முடிந்து இறங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அதைக் காட்டினார்கள். இருபத்தாறு வருடம் காட்டினார்கள். நாலரை நிமிடப் படம். அதில் பதினோரு நொடி ஐலாவின் அப்பா வருவார்.

படம் எடுத்த வருடம் ஐலாவுக்கு இருபத்திரண்டு வயது. சைமா ஏரிக்கரையில் இருந்த அவர்கள் ஊருக்கு ஜூன் மாதம் ஹெல்சிங்கியிலிருந்து இரண்டு வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அமெரிக்காவில் ஒரு பூங்காவில் நம் நாட்டுக்கென்று ஓர் அரங்கு கட்டுகிறார்கள், அங்கே ஓட்டுவதற்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு ஒரு மீனவர் தேவைப்பட்டார். ஊரில் மீன்பிடித்துப் பிழைத்த ஒரே ஆள், காமிராவைக் கண்டதும் படகை எடுத்துக்கொண்டு தீவுகள் பக்கம் போனவர், மூன்று நாள் திரும்பவே இல்லை. கடைசியில் அவர்கள் கண்ணில் பட்டவர் கலெர்வோ. ஐலாவின் அப்பா. தீவு தீவாகப் படகில் போய்த் தபால் கொடுப்பவர். காற்றிலும் வெயிலிலும் அடிபட்டுப் பழுத்திருந்த முகம் மீனவர் முகமாகவே இருந்தது.

"நான் தபால்காரன்யா. மீனு என் வேலை இல்ல."

"அது அமெரிக்காக்காரனுக்குத் தெரியவா போகுது? சும்மா வலையை இழுங்க, போதும்."

"வலையில மீனு வேணாமா?"

"அதெல்லாம் கடையில வாங்கிட்டு வந்துட்டோம்."

கடையில் வாங்கிய மீனைத் தண்ணீருக்குள் போட்டு மறுபடி இழுப்பதா என்று கலெர்வோ ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகன் எஸ்கோ நீட்டிய கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு படகில் ஏறினார். ஆறேழு முறை எடுத்தும் சரிவரவில்லை. மரப்பொம்மை மாதிரி இழுத்தார். கடைசி முறை, படம் பிடிக்கிறவனே தெரியாமல் வலையின் ஓரத்தில் காலை வைத்துவிட்டான். வலை நகரவில்லை. கலெர்வோ நிமிர்ந்து நேராகக் காமிராவைப் பார்த்து, "வலையை மிதிக்காதே" என்றார். அந்தத் துண்டில்தான் மனிதர் இயல்பாக இருந்தார் என்று அதையே வைத்துக்கொண்டார்கள். மேலே இசையைப் போட்டுவிட்டதால் படத்தில் வாய் அசைவது மட்டும்தான் தெரியும்.

வந்தவர்களில் ஒரு பெண்தான் ஐலாவிடம் சொன்னாள், அரங்கில் வேலை செய்ய இங்கிலீஷ் தெரிந்த அறுபது பேரைத் தேடுகிறார்கள், ஒரு வருட ஒப்பந்தம் என்று. ஐலாவின் அம்மா அவளுடைய ஒன்பது வயதிலேயே இறந்துவிட்டாள். வீட்டில் கேட்க வேண்டியது அப்பாவை மட்டும்தான்.

"ஒரு வருஷமா?" என்றார் கலெர்வோ.

"ஒரே வருஷம்பா."

"கம்பளிக் கோட்டை இங்கயே வெச்சுட்டுப் போ. அங்க பெட்டியில கெடந்து பூச்சி அரிக்கும்."

அதுதான் அவர் கொடுத்த அனுமதி.

அரங்கு என்பது பெயர்தான். பார்த்தால் அது ஒரு குட்டித் தெரு. வெட்டிய ஏரியைச் சுற்றி ஏழு நாடுகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. பிரேசிலுக்கும் கிரீஸுக்கும் நடுவில் பின்லாந்து. ஒரு பக்கம் கோட்டைச் சுவர். கருங்கல் மாதிரி சாயமடித்த சிமென்ட். நடுவில் மரத் தேவாலயம். அதன் கட்டைகள் மட்டும் அசல். கப்பலில் டாம்பா துறைமுகத்துக்கு வந்து இறங்கியவை. புளோரிடாக் கறையான்கள் முதல் மாதமே அவற்றை அடையாளம் கண்டுகொண்டன. மூலையில் ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் விற்கும் கடை. கோட்டைக்குள் நுழைந்தால் படகு. பனிக் காடு, தலையாட்டும் கரடி, நடுக்கோடைத் திருவிழாவின் சொக்கப்பனை எல்லாம் தாண்டி ஒரு சரிவில் சர்ரென்று இறங்கி மீனவர் துறையில் நிற்கும். நெருப்பு மூட்டத் தீயணைப்புத் துறை சம்மதிக்காததால் சொக்கப்பனை என்பது மின்விசிறியில் படபடக்கும் ஆரஞ்சுத் துணி. துறையில் இறங்கினால் எதிரே படக் கூடம். கூடத்தின் கதவு மூடும். படம் முடிந்தால்தான் மறுபக்கத்துக் கதவு திறக்கும்.

திறப்பு விழாவுக்கு மந்திரி ஒருவர் கறுப்புக் கோட்டில் வந்து வியர்வையில் குளித்துவிட்டுப் போனார். ஐலாவும் மற்றவர்களும் கம்பளிப் பாவாடையும் சட்டைக்கு மேல் சட்டையுமாக நின்றார்கள். முதல் வாரத்தில் ஏழு பேர் மயங்கி விழுந்தார்கள்.

படகுகளை நகர்த்தும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டவன் வைனோ. அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தெற்கே லேக் வொர்த்தில். தாத்தா பின்லாந்திலிருந்து வந்தவர், அவரிடம் கற்ற பாஷை. ஒருநாள் இடைவேளையில் ஐலாவிடம் வந்து தொப்பியைக் கழற்றினான்.

"தாங்கள் புதிதாய் வந்திருக்கும் நங்கையோ?"

ஐலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதற்காக நகைக்கிறீர்?"

"நீ பேசறது கல்லறைக் கல்லுல வெட்டி வெச்ச மாதிரி இருக்கு. உங்க தாத்தா எப்ப கப்பல் ஏறினாரு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டில்."

"அதான். அதுக்கப்புறம் நாங்க கொஞ்சம் மாறிட்டோம்."

ஒரு வருடம் முடிந்தபோது அறுபது பேரில் ஐம்பத்தொன்பது பேர் ஊருக்குத் திரும்பினார்கள். ஐலா வைனோவைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது பையனுக்கு என்ன வேலை என்று முதலில் கேட்டார். பிறகு, "தண்ணிய பாத்துக்கற பையன்னா சரி" என்று வந்தது.

படத்தைப் பார்த்தவர்கள் வெளியே வந்து அவளிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு: அந்த மீனவர் என்ன சொல்கிறார்? ஐலா முதலில் உள்ளதைச் சொன்னாள். மேலாளர் கூப்பிட்டு, "'பின்லாந்துக்கு நல்வரவு'ன்னு சொல்றாருன்னு சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அன்றிலிருந்து விருந்தாளிகளுக்கு நல்வரவு, வேலைக்கு வருகிறவர்களுக்கு உண்மை என்றானது. வருடா வருடம் புதிதாக வந்த பிள்ளைகள் முதல் நாளே அதைக் கற்றுக்கொண்டார்கள். நெரிசலில் ஒருவர் காலை ஒருவர் மிதித்தால், தட்டைத் தவறிப் போட்டால், அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைத்தால், எதற்கெடுத்தாலும் "வலையை மிதிக்காதே"தான்.

மாதம் ஒருமுறை அப்பாவிடம் பேசுவாள். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுதுப்பா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. இங்க காலையில பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும்."

"அடேயப்பா. எனக்கு உக்கார நேரமே கெடையாதா?"

"வந்து பாருங்களேன். டிக்கெட் நான் எடுக்கறேன்."

"என் மூஞ்சி எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். அதைப் பாக்க அவ்வளவு தூரம் எதுக்கு?"

அரங்கைக் கட்டியது ஒன்பது கம்பெனிகளும் பின்லாந்து அரசும் சேர்ந்து. படகுக்கு வரிசை நிற்கும் சுவரில் ஒன்பது பித்தளைப் பலகைகள் பதித்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரில் வங்கிகள் சரிந்தன, கிழக்கே சோவியத்தோடு இருந்த வியாபாரம் படுத்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஒரு கம்பெனி போனால் ஒரு பலகையைக் கழற்றிவிடுவார்கள். அது இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருக்கும். ஐந்தாவது வருடம் சுவரில் மூன்று பலகையும் ஆறு வெளுத்த சதுரமும் இருந்தன. அரசு மட்டும் இன்னும் சில வருடம் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் போனபின் அரங்கு முழுக்கப் பூங்காவின் சொத்தானது. மேலே பறந்த கொடி அப்படியே இருந்தது.

தொண்ணூற்றாறு டிசம்பரில் எஸ்கோ கூப்பிட்டான். அண்ணனாகத் தேடி அழைப்பது அபூர்வம்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு."

"எப்படி இருக்காரு?"

"சுமாரா இருக்காரு."

"நான் வரணுமா?"

"அது உன் இஷ்டம்."

எஸ்கோவின் "சுமார்" எவ்வளவு மோசம் என்று ஐலாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வருடம் சத்தமாகப் பேசுகிற ஊரில் இருந்து அந்தக் காது மழுங்கிப் போயிருந்தது. கிறிஸ்துமஸ் நாட்களில் அரங்கில் நிற்க இடமிருக்காது, விடுமுறை கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். ஜனவரி பன்னிரண்டுக்கு டிக்கெட் எடுத்தாள். கலெர்வோ ஏழாம் தேதி இறந்துவிட்டார்.

அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். உறைந்த மண்ணை வெட்ட இயந்திரம் கொண்டுவந்திருந்தார்கள். காப்பி குடிக்கும்போது எஸ்கோ பக்கத்தில் வந்து நின்றான்.

"வேலை அதிகமோ?" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். அதன் பிறகு அண்ணனும் தங்கையும் பதினேழு வருடம் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். உள்ளே "எஸ்கோ" என்று மட்டும் இருக்கும். அவளும் "ஐலா, வைனோ" என்று எழுதி அனுப்புவாள்.

திரும்பி வந்த வாரத்தில் மதிய இடைவேளையில் அவள் படக் கூடத்துக்குள் போனாள். பின்னால், தூணோரம் நின்றாள். இசை எழும்பியது, காடு போயிற்று, காகித ஆலை போயிற்று, செங்கல் அளவு கைத்தொலைபேசியில் ஒருவன் பேசிவிட்டுப் போனான், ஏரி வந்தது. அப்பா வலையை இழுத்தார். நிமிர்ந்து பார்த்தார். போய்விட்டார். வீட்டில் அவர் போட்டோ நாலைந்துதான் உண்டு. எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்பார். அசைகிற அப்பா இங்கே மட்டும்தான் இருந்தார். அன்றிலிருந்து வேலை நாட்களில் ஒரு தடவையாவது அங்கே போய் நிற்பது அவளுக்கு வழக்கமாயிற்று. அழுவதற்காகப் போனாள் என்று சொல்ல முடியாது. வழியில் தபாலாபீஸ் இருந்தால் தலையை நீட்டிவிட்டுப் போகிற மாதிரி போனாள்.

படத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. அந்தச் செங்கல் தொலைபேசியைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். காத்திருக்க வைக்கிறார்கள் என்று புகார்கள் வந்தன. ஒரு நாள் இரண்டு கதவுகளையும் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டார்கள். படம் பார்க்க விரும்பாதவர்கள் நேராகச் செல்லலாம் என்று ஒலிபெருக்கி சொல்லும். எல்லோரும் நேராகவே சென்றார்கள். சில மதியங்களில் வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் கலெர்வோ வலையை இழுத்துக்கொண்டிருப்பார்.

இரண்டாயிரத்துப் பதினான்கு ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. செப்டம்பர் கடைசி ஞாயிறோடு படகுச் சவாரி நிறுத்தம். அந்த இடத்தில் கார்ட்டூன் கலைமான் ஒன்றின் கதை வரப்போகிறது. டெனிஸ் என்ற புது மேலாளர், நல்ல மாதிரி, ஐலாவைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னாள். படத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று ஐலா கேட்டாள். டெனிஸ் எங்கெங்கோ எழுதிப் பார்த்தாள். படம் அந்த ஒன்பது கம்பெனிகளின் கூட்டுக்குச் சொந்தம், பூங்கா அதைக் கொடுக்க முடியாது என்றார்கள். அந்தக் கூட்டு கலைந்து இருபது வருடம் ஆகிறது என்று ஹெல்சிங்கியிலிருந்து பதில் வந்தது.

"இல்லாத ஆளுங்ககிட்ட அனுமதி கேட்டுட்டு வரச் சொல்றாங்க," என்றாள் டெனிஸ். "எனக்கே சிரிப்பா வருது, கோவமாவும் வருது."

வைனோ மட்டும் அன்று வீட்டில், "அப்படம் பதிந்த தட்டை நான் கவர்ந்து வரட்டுமா?" என்று கேட்டான். ஓய்வு பெற்றிருந்தாலும் பின்வாசல் சாவி எங்கே தொங்கும் என்று அவனுக்குத் தெரியும். ஐலா வேண்டாம் என்றாள். அப்பா ஒருநாளும் ஒருத்தர் தபாலை இன்னொருத்தர் வீட்டில் போட்டதில்லை.

அன்று எஸ்கோவுக்குக் கடிதம் எழுதினாள். நாலே வரி. அப்பா இருக்கிற படம் செப்டம்பர் இருபத்தெட்டோடு நிற்கிறது, நீ அதைப் பார்த்ததில்லை, வீட்டில் அறை இருக்கிறது, தங்கை ஐலா.

பதில் வரவில்லை. செப்டம்பர் இருபதாம் தேதி வாக்கில் தொலைபேசி அடித்தது.

"அங்க வெயில் எவ்வளவு?" என்றது குரல். பதினேழு வருடத்துக்குப் பின் முதல் வார்த்தை.

"முப்பத்திமூணு."

"நெழல்லயா?"

"நெழல்லதான்."

"ம்," என்றான் எஸ்கோ. "வியாழக்கிழமை வரேன்."

கம்பளிக் கோட்டோடுதான் வந்து இறங்கினான். விமான நிலையத்தில் அவனைத் தூரத்தில் பார்த்ததும் ஐலாவின் கால் நின்றுவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. அதே நெற்றி, காற்றுக்கு இடுக்கிய அதே கண், நடக்கும்போது சற்றே முன்னால் சாயும் தோள். படத்திலிருந்து இறங்கி வருகிற மாதிரி இருந்தது. வைனோ முன்னால் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"தங்கள் பிரயாணம் சுகமாய் இருந்ததா, மைத்துனரே?"

எஸ்கோ தங்கையைப் பார்த்தான். "இவர் எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே இப்படித்தான்."

"எனக்குப் புடிச்சிருக்கு," என்றான் எஸ்கோ.

சனிக்கிழமை அரங்குக்குக் கூட்டிப் போனாள். மரத் தேவாலயத்தின் மூலைக் கட்டையை எஸ்கோ நகத்தால் கீறிப் பார்த்தான். "நம்ம பைன்தான். பாவம், எங்க வந்து மாட்டிக்கிச்சு." ஏலக்காய் ரொட்டியைக் கடித்துவிட்டுச் சர்க்கரை ஜாஸ்தி என்றான், இன்னொன்று வாங்கிவரச் சொன்னான். படகு வரிசையில் நின்று பாதி தூரம் போனபோது இடி இறங்கிற்று. மின்னல் அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். இரண்டு மணி நேரம் கொட்டிய மழையில் கூரைக்கடியில் நின்றார்கள். மழை விட்டும் பம்ப் எடுக்கவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். நாளை ஒரு நாள்தான் பாக்கி.

ஞாயிறு காலை வாசல் திறக்கும் முன்பே கூட்டம் ஏரியைப் பாதி சுற்றியிருந்தது. ஊரிலிருந்து பழைய பிள்ளைகள் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள். சிலருக்குத் தலை வழுக்கை, சிலர் பேரப்பிள்ளை படத்தைக் காட்டினார்கள். ஐலாவைக் கட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற எஸ்கோவின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தார்கள்.

ஐந்து மணி நேரம் நின்றார்கள். ஒரு வழியாகப் படகு கிடைத்தது. எஸ்கோ கையை முழங்காலில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான்.

"அந்தக் கரடி ரொம்பக் குண்டு," என்றான்.

"கம்முனு வா."

"இவ்வளவு பனியில கரடி தூங்கும். எழுப்பி வெச்சிருக்கானுங்க."

துறையில் இறங்கினார்கள். படக் கூடத்தின் வாசலில் டெனிஸ் நின்றிருந்தாள். பழைய பிள்ளைகள் காலையிலேயே அவளிடம் கேட்டிருந்தார்கள், இன்று மட்டும் பழைய மாதிரி நடத்துங்கள் என்று. எல்லோரும் உள்ளே வந்ததும் அவளே தன் கையால் கதவை மூடினாள். ஒன்பது வருடத்துக்குப் பின் அந்தக் கதவு மூடியது. பெஞ்சுகள் நிரம்பி, சுவரோரம் நின்று, தரையிலும் உட்கார்ந்தார்கள்.

காடு வந்தது. ஆலை வந்தது. செங்கல் தொலைபேசிக்குக் கூடமே கைதட்டிற்று. பிறகு ஏரி. எஸ்கோவின் பக்கம் திரும்பாமல் ஐலா திரையையே பார்த்தாள். அப்பா குனிந்து வலையை இழுத்தார். இழுத்தார். வலை நின்றது. நிமிர்ந்தார். அவர் வாய் அசைந்தபோது நாற்பது குரல்கள் ஒன்றாக, உரக்க, பின்லாந்துப் பேச்சில் சொல்லின:

"வலையை மிதிக்காதே!"

சிரிப்பும் கைதட்டலுமாகக் கூடம் அதிர்ந்தது. ஐலா மெல்லத் திரும்பினாள். எஸ்கோ அசையவில்லை. படம் வேறெங்கோ போய்விட்டிருந்தது. அவன் இன்னும் ஏரி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொப்பி என்னோடது," என்றான்.

பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்து: "இவங்களுக்கெல்லாம் அப்பாவைத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

விளக்கு எரிந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அமெரிக்கப் பெண்மணி எழுந்து திரும்பினவள், எஸ்கோவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அந்த மீனவர்! இங்கயே இருக்காரு!" பத்து வயதிலிருந்து வருடா வருடம் வருகிறாளாம். கூட நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

ஐலா மொழிபெயர்த்தாள். எஸ்கோவின் காது சிவந்தது. "நான் அவர் இல்லைன்னு சொல்லு. நான் பஸ் ஓட்டறவன். அவரும் மீனவர் இல்ல, தபால்காரரு."

ஐலா சொன்னாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே எஸ்கோவின் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எஸ்கோ விறைப்பாக, அப்பா போட்டோக்களில் நிற்பது போலவே நின்றான். அதைப் பார்த்துத்தான் ஐலாவுக்கு அழுகை வந்தது. தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

டெனிஸ் அவர்களை வெளியே அனுப்பவில்லை. ஓரமாக உட்காரச் சொன்னாள். அன்று ஆறு மணிக்கே வந்த கடைசிப் படகுவரை எஸ்கோ படத்தை ஒன்பது தடவை பார்த்தான். நாலாவது தடவையில் அவனும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னான், மெதுவாக.

வெளியே வந்து காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்தார்கள். முந்தின நாள் மழை கழுவிய வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது. எஸ்கோ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில அவர் கட்டிலுக்கு எதிர்ல ஒரு கடியாரம்," என்றான். "சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா அதைக் காட்டுவாரு. 'அங்க இப்ப பதினோரு மணி. நான் வேலைக்குப் போயாச்சு'ன்னுவாரு. நர்ஸுங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அமெரிக்காவுல வலை இழுக்கறேன், அதான் இங்க முதுகு வலிக்குதுன்னு."

ஐலா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பக்கத்துக் கட்டில் ஆளு நம்பல. 'எம் பொண்ணு அங்க காவலுக்கு இருக்கா, போன் போட்டுக் கேளு'ன்னு சண்டை."

"எனக்கு நீ சொல்லவே இல்லையே, எஸ்கோ."

"சொல்லல."

"நான் உடனே கிளம்பியிருக்கணும்."

"ஆமா. கிளம்பியிருக்கணும்." கோப்பையைக் கீழே வைத்தான். "நானும் உடனே வான்னு சொல்லியிருக்கணும். 'உன் இஷ்டம்'னு சொன்னேன் பாரு, அது என்ன பேச்சு? பதினேழு வருஷமா அதை நெனச்சுக்கிட்டே பஸ் ஓட்டியிருக்கேன்."

பக்கத்தில் கிரீஸ் அரங்கின் விளக்குகளை ஏற்றினார்கள். அவன் கையை நீட்டி அவள் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டான். சின்ன வயதில் அப்படிச் செய்தால் அவள் அடிப்பாள். இப்போது தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

நாலு நாளைக்கென்று வந்தவன் பதினைந்து நாள் இருந்தான். வைனோவுக்கும் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து ஒரு சவுனா அறை கட்டினார்கள். வெளியே வெயில் முப்பத்திரண்டு, உள்ளே நீராவி தொண்ணூறு. முதல் நாள் புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியை வரவழைத்துவிட்டார். துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற வைனோவையும் எஸ்கோவையும் பார்த்துவிட்டு, வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பிரதி கடைசிவரை கிடைக்கவில்லை. படத் தட்டு எந்தக் கிடங்குக்குப் போயிற்று என்று டெனிஸுக்கும் தெரியவில்லை. ஐலா கேட்பதை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்கோ கூப்பிடுகிறான். இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. ஏரி உறைந்ததா, பனி எவ்வளவு, வைனோவின் முட்டி எப்படி. பேச ஒன்றும் இல்லாதபோது இருவரும் பேசாமல் இருந்துவிட்டு வைக்கிறார்கள்.

இரண்டு வருடம் பலகை மறைப்புக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு கலைமான் வந்தது; படகு இப்போது காலை ஒன்பதுக்கே ஓடத் தொடங்கும். படக் கூடம் இப்போது குழந்தைகளோடு வருகிறவர்கள் வரிசை நிற்கும் இடம். சுவரெல்லாம் வெள்ளை மினுமினுப்பு. ஐலா காப்பிக்கடைக்கு மாறியிருந்தாள். திறந்த வாரத்தில் ஒருமுறை அவளும் ஏறிப் பார்த்தாள். பாட்டு சத்தமாக இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த குட்டிப்பெண், சரிவில் படகு இறங்கியபோது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினாள். இறங்கியதும் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற ஐலா, மணியைப் பார்த்தாள். பதினொன்றாகப் போகிறது. ரொட்டி அடுப்பிலிருந்து எடுக்கும் நேரம். ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டே கடைக்கு நடந்தாள்.